உதவப் போய் நான் செய்த தவறுகள்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் அனுபவம்

மன்னார்குடியில் ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று பல வருஷமாக மனு அடித்துப் பழகிய கை. எந்த மனுவுக்கு எந்த இணைப்பு வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தைரியத்தில்தான் ஓர் ஈழத்து அம்மாவின் காணாமல்போன மகன் விஷயத்தில் இறங்கினேன். 35,000 ரூபாய் போனது, ஏறக்குறைய இரண்டு வருஷம் போனது. அவரிடம் இருந்த ஒரே அசல் கடிதமும் போனது. இதையெல்லாம்விடக் கடல் தாண்டி இருந்த ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுத்தேன். இறங்குவதற்கு முன் யாராவது என்னை உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதியாவது நடந்திருக்காது. அதனால்தான் கூச்சத்தை விட்டு எழுதுகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் ஊரில் பல நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துக் கடையை ஓட்டினேன். நிவாரண மனுவுக்கு நகல் எடுக்க ஊரே வரிசையில் நின்றது. அந்தக் கூட்டத்தில்தான் அந்த அம்மா வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, உள்ளே நனைந்து ஒட்டிக்கொண்ட காகிதங்கள். ஓட்டு வீட்டில் தண்ணீர் இறங்கி டிரங்குப் பெட்டி நிறைந்துவிட்டதாம். ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை மட்டும் எடுத்து நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் பெரிசாக்கித் தாறீங்களே? முகம் தெரிஞ்சாக் காணும்" என்றார். அவர்கள் பேச்சில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். எனக்கு அது அப்புறம்தான் தெரிந்தது.

(நனைந்த காகிதம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், டெல்டாக்காரர்களுக்கு வருஷா வருஷம் தேவைப்படும். வெயிலில் போடாதீர்கள், சுருண்டு மை பறந்துவிடும். ஒட்டிய தாள்களைப் பிய்க்காமல், இடையில் வெள்ளைத் தாள் வைத்து நிழலில், ஃபேன் காற்றில் உலர விடுங்கள். உலர்ந்ததும் முதல் வேலை ஸ்கேன். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். லேமினேஷனில் சம்பாதிக்கிற நானே சொல்கிறேன், அசலை லேமினேட் செய்தால் பிறகு முத்திரை வைக்க முடியாது, பின்பக்கம் எதுவும் எழுத முடியாது, பல அலுவலகங்களில் வாங்கவும் மாட்டார்கள்.)

எங்கள் பக்கத்துக்கு ஈழத்து ஆட்கள் புதிதில்லை. எண்பதுகளில் அக்கரையிலிருந்து வந்த படகுகளைப் பற்றிக் கோடியக்கரை, வேதாரண்யம் பெரியவர்கள் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் இந்த அம்மா வந்தது 2006ல், மறுபடி சண்டை தொடங்கிய பிறகு. மகளோடு ராமேஸ்வரம் பக்கம் இறங்கி, மண்டபம் அகதிகள் முகாமில் இருந்து, அப்புறம் வேறொரு முகாம். மகளுக்குக் கல்யாணமான பின் வெளிப்பதிவு (முகாமுக்கு வெளியே தங்குவதற்கான பதிவு) வாங்கிக்கொண்டு மன்னார்குடியில் வாடகைக்கு வந்துவிட்டார்கள். மருமகன் பெயிண்டிங் வேலை. மகனும் அவன் மனைவியும் மட்டும் கிளிநொச்சிப் பக்கம் தங்கிவிட்டார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்த சனங்களோடு வட்டுவாகல் பாலம் தாண்டி வந்திருக்கிறார்கள். அங்கே ராணுவம் ஆண்களைத் தனியாகப் பிரித்தபோது அவனும் போய் நின்றான். பஸ்ஸில் ஏற்றியதை மனைவி கண்ணால் பார்த்தாள். அதோடு சரி.

இதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று கிளம்பிவிட்டது. என்னவோ நான்தான் இதை உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி. பொங்கல் கழித்து ஒரு நாள் அவரைக் கடைக்கு வரச்சொல்லி, ஸ்டூலில் உட்கார வைத்து, போனில் வீடியோ எடுத்தேன். பக்கத்து டீக்கடைக்காரர், நகல் எடுக்க வந்தவர்கள் என்று நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியாக எப்போது பேசினீர்கள், என்ன சட்டை போட்டிருந்தான், இயக்கத்தில் (விடுதலைப் புலிகளில்) இருந்தானா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். நாற்பது நிமிஷம். அவர் அழ அழ நான் போனை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் செய்தேன். நாலு நாள் கழித்து மகள் வந்து, "அண்ணா, அம்மா நித்திரை கொள்ளேல்ல, சாப்பிடவும் இல்ல. நீங்க ஆறாவது ஆள். இதுக்கு முதல் வந்த அஞ்சு பேரும் இப்பிடித்தான் பதிஞ்சவை. ஒருத்தரும் திரும்பி வரேல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால்கூட இவ்வளவு தைத்திருக்காது.

பின்னால் திருச்சியில் சந்தித்த ஒரு பெண் வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். "இதற்கு முன் யாரிடமாவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டீர்களா? அந்தத் தாள்கள் எங்கே?" அவர் முகாம்களுக்குப் போய் வந்து பழக்கப்பட்டவர். ஏற்கெனவே ஓரிடத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் அதன் நகலைத் தேடுவதுதான் முதல் வேலை. திரும்ப ஒரு தடவை சொல்ல வைப்பது கடைசி வழி. அப்படியே கேட்க வேண்டி வந்தாலும் தனி அறையில், வீட்டு ஆள் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, "எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம், எதையும் சொல்லாமல் விடலாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம், யாருக்குப் போகும், என்ன நடக்கலாம், பெரும்பாலும் என்ன நடக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் "கண்டிப்பா ஏதாவது வழி கிடைக்கும்மா" என்று சொல்லியிருந்தேன். வழக்கறிஞர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குள் பணம் போய்விட்டது. எப்படி என்றால், மார்ச் மாதத்தில் ஒரு தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். விசிட்டிங் கார்டில் மனித உரிமை என்று பெரிய எழுத்து, பூமி உருண்டைப் படம். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இருக்கிற ஜெனீவாவில் ஆள் இருக்கிறது, மொழிபெயர்ப்புக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் 35,000 ஆகும் என்றார். மகள் தோட்டை அடகு வைத்து 15,000 கொடுத்தார், மீதி 20,000 நான் போட்டேன். அசல் தாள்கள் வேண்டும் என்றார், கொடுத்தோம். அதில்தான் செஞ்சிலுவைச் சங்கத்திடம் மகனைத் தேடித் தரும்படி பதிந்ததற்கான கடிதம் இருந்தது. படத்தை ஸ்கேன் செய்திருந்த நான், அந்தக் கடிதம் ஈரமாக இருக்கிறதே, காயட்டும் என்று தள்ளிப்போட்டு, அப்புறம் மறந்தே போனேன். கடை முழுக்க ஸ்கேனர் வைத்துக்கொண்டு ஒரு நகல் எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அந்த ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு பக்க 'மனு'வைப் பார்த்தால், காணாமல்போன இடம் மன்னார்குடி என்று இருந்தது. மன்னாரும் இல்லை, வட்டுவாகலும் இல்லை, என் கடை இருக்கிற ஊர். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக ஐக்கிய நாடுகள் சபையில் 1980லிருந்து ஒரு செயற்குழு இருக்கிறது. அதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. உள்நாட்டுக் கோர்ட்டில் முதலில் வழக்குப் போட்டுத் தோற்றிருக்க வேண்டும் என்பதும் இல்லை. படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பினால் போதும். அவர்கள் கட்டாயம் கேட்பது கொஞ்சம்தான். முழுப்பெயர், எந்தத் தேதியில் காணாமல்போனார் (குறைந்தது மாதமும் வருஷமும்), எந்த இடம், யார் கொண்டுபோனதாக நம்புகிறீர்கள், குடும்பம் இதுவரை எங்கெங்கே போய்க் கேட்டது. வெளியாள் அனுப்பினால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். அனுப்பியவர் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியும் கேட்கலாம். இது கோர்ட் இல்லை, யாரையும் தண்டிக்காது. அந்தந்த அரசாங்கத்திடம் "இந்த ஆள் எங்கே" என்று கேட்கும், பதில் தெரியும்வரை பொதுவாகக் கோப்பை மூடாது. அவ்வளவுதான் அதன் வேலை. இதைத் தெரிந்துகொண்டு போனால் 'பதிவுக் கட்டணம்' என்று எவன் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடுதல் பதிவும் அப்படித்தான், இலவசம், ரகசியம். இலங்கையில் மட்டும் 16,000க்கும் மேற்பட்டவர்களைத் தேடித் தரச்சொல்லி அவர்களிடம் பதிவாகியிருக்கிறது.

பணத்தை முழுசாகத் திரும்ப வாங்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கு இந்தியாவில் என்ன உரிமை, அகதிதானே என்று நான் நினைத்திருந்தேன். வழக்கறிஞர்தான் விளக்கினார். 1987ஆம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இலவச உதவிக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் பெண்கள் தனியாகவே வருகிறார்கள், வருமானம் பார்ப்பதில்லை. குடியுரிமை இருக்கிறதா என்று அந்தப் பிரிவு கேட்கவும் இல்லை. நம் ஊர் கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, 15100க்குப் போன் அடித்தாலும் வழி சொல்வார்கள். நோட்டீஸ் போனதும் அந்த ஆள் 10,000 கொண்டுவந்து கொடுத்தான். கடிதம் தொலைந்துவிட்டது என்றான். அந்த 10,000 மகளின் தோட்டுக்குப் போனது, மிச்சத்தை நான் போட்டு மீட்டுக் கொடுத்தேன்.

ஆனால் என்னுடைய பெரிய தவறு இதுவல்ல, அந்த வீடியோதான். 2019 மே மாதம் முள்ளிவாய்க்கால் பத்தாம் ஆண்டு. இப்போது வெளியே வந்தால்தான் நாலு பேர் கவனிப்பார்கள் என்று கணக்குப் போட்டு, ஒரு நிமிஷத் துண்டை வெட்டி நண்பர்கள் குரூப்பில் போட்டேன். முகம், பெயர், ஊர், மருமகளின் பெயர், மகன் கொஞ்ச நாள் இயக்கத்தில் இருந்தது எல்லாம் அதில் இருந்தது. இரண்டே நாளில் முன்பின் தெரியாத பக்கங்களிலெல்லாம் சோகப் பாட்டு சேர்த்துச் சுற்றியது. அங்கே அது என்ன காலம் என்று நான் யோசிக்கவே இல்லை. ஏப்ரல் 21ஆம் தேதி ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து, அவசரகாலச் சட்டம் போட்டு, தீவு முழுக்கச் சோதனையாக இருந்த நேரம். மருமகள் வீட்டுக்கு சிவில் உடையில் இரண்டு பேர் வந்து, இந்த வீடியோ யார் எடுத்தது, இந்தியாவில் யாரோடு தொடர்பு என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பையனை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவர். பத்து நாள் அக்கா வீட்டில் போய்த் தங்கியிருக்கிறார்.

அவரிடம் நான் முதல் தடவையாகப் பேசியதே அதற்கப்புறம்தான். கவனியுங்கள், ஐந்து மாதமாக அவர் கணவருடைய விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டுவார் என்று தயாராக இருந்தேன். "அண்ணை, நீங்கள் நல்ல மனசோடதான் செய்திருப்பீங்கள். ஆனா இஞ்ச இருக்கிறது நான்" என்றார். அவ்வளவுதான். குரூப்பில் இருந்த ஒவ்வொருவரிடமும் கெஞ்சி அழிக்கச் சொன்னேன். பாதிப்பேர் அழித்தார்கள். மிச்சம் இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அவரோடு பேசிய பிறகுதான் எனக்கு விஷயமே புரிய ஆரம்பித்தது. நான் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பத்து வருஷத்தில் அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. 2014ல் காணாமல்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு கிளிநொச்சியில் உட்கார்ந்தபோது போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறார், முறைப்பாட்டு (புகார்) எண்ணோடு தாள் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் பந்தல் போட்டுத் தொடங்கிய போராட்டத்திலும் போய் உட்கார்ந்திருக்கிறார். நான் 'காணாமல்போனவர்' என்று சொன்னபோதெல்லாம் "காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று திருத்தினார். அவராக எங்கேயும் தொலைந்து போகவில்லையே என்றார்.

நம் ஊர்ப் பழக்கத்தில், அரசாங்கம் அலுவலகம் திறந்தால் போய் மனுக் கொடுத்து ரசீது வாங்க வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது. அங்கே 2016ல் சட்டம் போட்டு, காணாமல்போனோர் அலுவலகம் என்று ஒன்று 2018லிருந்து இயங்குகிறது. அங்கே போகலாமே என்றேன். அவர் சொன்ன விவரத்தைப் பிறகு வழக்கறிஞரிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அந்த அலுவலகம் கண்டுபிடிக்கிற எதுவும் யார் மேலும் குற்றவியல் பொறுப்பையோ சிவில் பொறுப்பையோ உண்டாக்காது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் போராடுகிற பல குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமல்போனமைக்கான சான்றிதழ் என்று 2016லேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். சொத்து, வங்கிக் கணக்கு விவகாரங்களுக்கு அது உதவும். சிலர் வாங்குகிறார்கள், சிலர் மாட்டேன் என்கிறார்கள். இரண்டில் எது சரி என்று மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. எல்லா வழியையும் அதன் பலன், ஆபத்து இரண்டோடும் எடுத்து வைக்கலாம். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று இரண்டாம் முறை கேட்கக்கூடாது. எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. 2022ல் இழப்பீடாக ஒரு லட்சம் ரூபாய் கொடுப்பதாக அங்கே அறிவித்தபோது, வாங்கிக்கொண்டால் பையன் படிப்புக்கு ஆகுமே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

கோப்பை மறுபடி ஒழுங்காகப் போட்டது 2020 ஊரடங்கில், கடை சாத்தியிருந்த நாட்களில். மருமகள் சரி என்றதற்கு அப்புறம்தான். இப்படிச் செய்தோம். ஒரே பக்கத்தில் தேதி வரிசை. கண்ணால் பார்த்தது தனி, பிறர் சொல்லிக் கேட்டது தனி. அம்மா பார்க்காததை அம்மா பெயரில் எழுதவில்லை. பழைய வீடியோவில் அவர் "பஸ்ஸில் ஏற்றினார்கள்" என்று தானே பார்த்த மாதிரி சொல்லியிருந்தார், மருமகள் சொல்லித்தான் அவருக்கே தெரியும். பெரிய இடத்தில் இப்படி ஒரு முரண் வந்தால் மொத்த வாக்குமூலத்தையே சந்தேகிப்பார்கள். அம்மா சொன்ன தேதிக்கும் ஆணைக்குழுத் தாளில் இருந்த தேதிக்கும் ஒரு நாள் வித்தியாசம் இருந்தது. திருத்தி ஒன்றாக்கப் போனேன், வழக்கறிஞர் தடுத்தார். வித்தியாசத்தை அப்படியே வைத்து, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொன்னார். இயக்கத்தில் இருந்த விஷயத்தை எழுதுவதா வேண்டாமா என்று மருமகளிடமே விட்டோம். பொய் மட்டும் எழுதக்கூடாது என்றோம். செஞ்சிலுவைப் பதிவு எண்ணை அவரே அங்கே விசாரித்து வாங்கிவிட்டார். நாங்கள் அசலைத் தொலைத்துவிட்டு இங்கே மூன்று மாதம் அலைந்தோம், அவருக்கு அது சில வாரத்தில் முடிந்தது. மொழிபெயர்ப்புக்கு மட்டும் 4,200 ரூபாய் ஆனது, அது நியாயமான காசு. இரண்டு நகல், ஒன்று அங்கே, ஒன்று அம்மாவிடம். என் கடைக் கம்ப்யூட்டரில் இருந்ததைப் பாஸ்வேர்டு போட்ட பென் டிரைவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அழித்தேன். கடை கம்ப்யூட்டரைத் தினம் பத்துப்பேர் தொடுகிறார்கள்.

2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை 46/1 என்று ஒரு தீர்மானம் போட்டது. இலங்கை பற்றிய சாட்சியங்களைச் சேகரித்துப் பிற்கால விசாரணைக்காகப் பாதுகாத்து வைக்கிற வேலையை மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்கு அதில் கொடுத்தார்கள். இதுவும் கோர்ட் இல்லை. ஆனால் ஒழுங்காக எழுதி வைத்த கோப்புக்கு இங்கே மதிப்பு உண்டு என்று வழக்கறிஞர் சொன்னபோது, டீக்கடைக்காரர் வேடிக்கை பார்க்க எடுத்த என் வீடியோ ஞாபகத்துக்கு வந்தது.

செயற்குழுவுக்கான படிவத்தை மருமகளே தன் பெயரில், தன் ஈமெயிலிலிருந்து அனுப்பினார். நான் எழுத்துப் பிழை பார்த்ததோடு சரி. கிடைத்தது என்று பதில் வந்தது. அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் இல்லை. நடுவில் அம்மாவின் பேத்திக்குப் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் பிழையாக இருந்ததைத் திருத்திக் கொடுத்தேன். அந்தக் குழந்தை பிறந்தது இங்கேதான், ஆனால் 2004க்கு அப்புறம் பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் குடியுரிமையையும் பார்ப்பதால் பிறப்பை வைத்து இந்தியக் குடிமகள் ஆக முடியாது. இந்தத் தாள் சரியாக இருந்தால்தான் நாளைக்கு இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதியவாவது முடியும். மூன்று நாள் வேலை. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டுக்கு நான் செய்ததிலேயே உருப்படியாக முடிந்தது அது ஒன்றுதான்.

பதில் ஈமெயிலை மருமகள் அனுப்பியதும், அம்மா அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "தம்பி, இதை லேமினேட் செய்து தாறீங்களே, திரும்பவும் வெள்ளம் வந்தா?" என்றார். இன்னொரு பிரிண்ட் போட்டு அதை லேமினேட் செய்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, முதல் தாளைக் காட்டி, "இது அசல் இல்லையே?" என்று கேட்டார். ஈமெயிலுக்கு அசல் என்று ஒன்று கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விளக்கப்போனேன். அவர் அதற்குள் அதை மடிக்காமல் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பையை இடுப்போடு இடுக்கிக்கொண்டு, "இது என்னட்ட இருக்கட்டும்" என்று படியிறங்கிவிட்டார்.